நோயாளியைக் கேட்டீர்களா?

புற்றுநோய்ப் பிரிவின் புறநோயாளிகள் அறையில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. மருத்துவர் நிமிர்ந்து, "எப்படி இருக்கீங்கய்யா?" என்கிறார். நாற்காலியில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நிற்கிற மகன் முந்திக்கொள்கிறார்: "பரவாயில்லைங்க டாக்டர். போன தடவைக்கு இப்ப தேவலை. சாப்பாடுதான் கொஞ்சம் இறங்க மாட்டேங்குது." அப்பா தலையாட்டுகிறார். மருத்துவரின் பார்வை ஸ்கேன் படத்துக்குப் போய்விடுகிறது. வெளியே இன்னும் எத்தனையோ பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மகனுக்கு அப்பாவைப் பேசவைத்துச் சிரமப்படுத்த மனமில்லை, மருத்துவருக்கு நேரமில்லை. ஆனால் ஒருவரிடம் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்லியிருக்கிறார். நுரையீரல் புற்றுநோயோடு வாழ்கிறவர்களின் அன்றாடத்தைப் பற்றி எழுபத்தைந்து ஆண்டுகளாக நடந்துவந்த ஆராய்ச்சிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. அந்த ஆராய்ச்சிகள் எல்லாமே ஒருவகையில் அந்த நாற்காலியில் இருப்பவரைப் பேசவைக்க எடுத்த முயற்சிகள்தான்.

உலகில் வேறெந்தப் புற்றுநோயையும்விட அதிகம் பேரைப் பிடிப்பதும் அதிகம் பேரைக் கொல்வதும் இந்த நோய். 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் புதிதாக ஏறக்குறைய 25 லட்சம் பேர், இறந்தவர்கள் 18 லட்சம் பேர். இந்தியாவில் மட்டும் அந்த ஆண்டு புதிதாக 80 ஆயிரம் பேருக்கு மேல். நுரையீரலுக்குள் வலி நரம்புகள் இல்லாததால் கட்டி சத்தமில்லாமல் வளர்கிறது. இருமல், இளைப்பு, சளியில் ரத்தம் என்று தலைகாட்டும்போது நம் ஊரில் முதலில் வரும் சந்தேகம் காசநோய். எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்தால் ஆறு மாத மாத்திரை தொடங்கிவிடும். சளியில் கிருமி தெரியாமலே மாத்திரை சாப்பிட்டு, இரண்டு மூன்று மாதம் போனபிறகு பயாப்ஸிக்கு அனுப்பப்பட்டவர்கள் இந்திய மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இருக்கிறார்கள். ஆகப் பெரும்பாலானோர் மருத்துவரிடம் வந்து சேர்வதே நாலாவது ஸ்டேஜில்தான். அந்தக் கட்டத்தில் 'குணமாகுமா' என்பதைவிட 'எப்படி இருக்கப் போகிறேன்' என்பதே பெரிய கேள்வியாகிவிடுகிறது. வாழ்க்கைத்தரம் பற்றிய ஆராய்ச்சியில் நுரையீரல் புற்றுநோய் முன்வரிசையில் நிற்பதற்கு இதுவே காரணம்.

உண்மையில் அந்த ஆராய்ச்சி பிறந்ததே இந்த நோயில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க்கில் டேவிட் கர்னாஃப்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற மருந்தை நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். போர்க்கள விஷவாயுவின் உறவுக்காரன் அந்த மருந்து. ஆயுளைப் பெரிதாக நீட்டவில்லை. ஆனால் சிலருக்கு இருமல் அடங்கியது, மூச்சு சற்று எளிதானது. இதை எந்த அளவுகோலால் அளப்பது? 1948-இல் அவர்கள் ஒரு ஏணியை உருவாக்கினார்கள். 100 என்றால் எந்தக் குறையுமில்லை. 70 என்றால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார், ஆனால் வழக்கமான தொழிலுக்குப் போக முடியாது. 50 என்றால் அடிக்கடி உதவி வேண்டும். 0 என்றால் இறந்துவிட்டார். பத்துப் பத்தாக இறங்கும் அந்த ஏணியும், அதைச் சுருக்கிப் பின்னால் வந்த ஐந்தாறு படி அளவுகோலும் இன்றும் எல்லாப் புற்றுநோய் மருத்துவமனைகளின் கேஸ் ஷீட்டிலும் உண்டு. கீமோ தாங்குவாரா மாட்டாரா என்று முடிவெடுப்பதே அந்த எண்ணை வைத்துத்தான்.

ஏணி நல்ல ஏணி. ஆனால் அதில் நோயாளி எந்தப் படியில் நிற்கிறார் என்று குறிப்பவர் மருத்துவர். கதவைத் திறந்துகொண்டு நடந்து வந்தாரா, சட்டைப் பொத்தான் ஒழுங்காக இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். ராத்திரி மூன்று மணிக்குப் படுக்க முடியாமல் தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தது தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று குளித்து, விபூதி வைத்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போகிற நம் ஊர்ப் பெரியவர் அந்த ஏணியில் நிச்சயம் ஒரு படி அதிகமாகவே வாங்கிவிடுவார்.

பேனா நோயாளியின் கைக்கு வர நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1993-இல் 30 கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டது. அதைச் சோதித்துப் பார்த்ததும் அறுவைசிகிச்சைக்கு வாய்ப்பில்லாத நுரையீரல் புற்றுநோயாளிகளிடம்தான்: 13 நாடுகளில் 305 பேர். அடுத்த ஆண்டே இருமல், ரத்தம், படியேறும்போது மூச்சு, வாய்ப்புண், கைகால் மரத்துப்போதல் என்று இந்த நோய்க்கென்றே 13 கேள்விகள் சேர்ந்தன. அமெரிக்காவிலும் 1995-இல் இதேபோன்ற ஒரு தாள் வந்தது. அதில் முழு மதிப்பெண் 136.

இந்தத் தாள்கள் உலகின் பல மொழிகளுக்குப் போயிருக்கின்றன. மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொள்வது வார்த்தையைவிட வாழ்க்கை. ஐரோப்பியத் தாளின் முதல் கேள்வி, கனமான கடைப் பையையோ பெட்டியையோ தூக்கச் சிரமமா என்பதைப் பற்றியது. நிறைகுடத்தை இடுப்பில் வைத்துப் பழகியவரிடம் குடத்தைப் பற்றிக் கேட்டால்தான் உண்மை வரும். 'சோர்வு' என்ற சொல்லைப் பாருங்கள். அசதி, களைப்பு, 'உடம்பு முடியலை', 'கை கால் ஓயுது' என்று நாம் பிரித்துப் பிரித்துச் சொல்வதையெல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள் அடைத்தாக வேண்டும். அப்படியிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: கேட்காமல் இருப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

அந்த 136 மதிப்பெண் தாளை வைத்துத்தான் இந்தத் துறையைப் புரட்டிப்போட்ட ஆய்வு நடந்தது. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெனிஃபர் டெமல் தலைமையிலான குழு, பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் என்று புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதே சிகிச்சையோடு, தொடக்கத்திலிருந்தே தணிப்புச் சிகிச்சைக் குழுவையும் மாதம் ஒருமுறையாவது சந்திக்கும் ஏற்பாடு. தணிப்புச் சிகிச்சை என்றால் 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று கைவிரித்தபின் அனுப்புகிற இடம் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்தார்கள். இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

2010-இல் முடிவு வந்தது. பன்னிரண்டு வாரம் கழித்து வாழ்க்கைத்தர மதிப்பெண் தணிப்புக் குழுவினருக்கு 98, மற்றவர்களுக்கு 91.5. மனச்சோர்வின் அறிகுறிகள் இவர்களில் 16 சதவீதம் பேருக்கு, அவர்களில் 38 சதவீதம் பேருக்கு. கடைசிக் கட்டத்தில் உடலை வாட்டும் தீவிர சிகிச்சைகள் இவர்களுக்குக் குறைவாகவே நடந்தன. இதுவரை எதிர்பார்த்ததே. எதிர்பாராதது அடுத்தது: குறைவான சிகிச்சை வாங்கியவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள். இடைநிலை ஆயுள் இவர்களுக்கு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். அந்தக் காலத்தில் ஒரு புதிய கீமோ மருந்து இந்த அளவு ஆயுளைக் கூட்டியிருந்தால் கம்பெனிகள் விழா எடுத்திருக்கும்.

அந்தச் சந்திப்புகளில் அப்படி என்னதான் செய்தார்கள் என்று பின்னால் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். முதல் சில சந்திப்புகளில் பழக்கம் பிடித்தார்கள், உபாதைகளை விசாரித்தார்கள், நோயைப் பற்றி அவர் என்ன புரிந்துவைத்திருக்கிறார் என்று கேட்டார்கள், வீட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டார்கள். கடைசிக்கால முடிவுகள் பிற்பாடுதான் பேச்சுக்கு வந்தன. சுருக்கமாகச் சொன்னால், ஆற அமர உட்கார்ந்து பேசினார்கள்.

இந்த ஆய்வை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒரே மருத்துவமனை, வசதியான ஊர், 151 பேர். டென்மார்க்கில் 2017-இல் வெளியான இதேபோன்ற ஆய்வில் தணிப்புச் சிகிச்சையால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அங்கே நோயாளிகள் குழுவைச் சந்தித்த தடவைகள் குறைவு, நோய்களும் பலதரப்பட்டவை. வாழ்க்கைத்தரம் உயர்வது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஆயுள் நீள்வது அந்த அளவுக்கு உறுதிப்படவில்லை. நான் முதலாவதை மட்டுமே நம்புகிறேன். அது மட்டுமே போதும்.

கேட்பதே ஒரு மருந்து என்பதற்கு இன்னும் அழுத்தமான சான்று கணினி வழியாக வந்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஈதன் பாஷ் குழுவினர், பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் 766 பேரை ஆய்வில் சேர்த்தார்கள். அவர்களில் நுரையீரல் நோயாளிகளும் உண்டு. ஒரு பகுதியினர் வாந்தி, வலி, மூச்சுத்திணறல், பசியின்மை என்று பன்னிரண்டு உபாதைகளை அவ்வப்போது தாங்களே திரையில் குறித்தார்கள். எது மோசமானாலும் செவிலியருக்குத் தகவல் போனது. 2017-இல் வெளியான கணக்குப்படி இவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களுக்கு 26 மாதம். பிரான்ஸில் ஃபாப்ரிஸ் டெனி இதை நுரையீரல் நோயாளிகளிடம் மட்டுமே செய்து பார்த்தார். குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 12 மாதம். வாரம் ஒருமுறை வீட்டிலிருந்தே உபாதைகளை எழுதி அனுப்பியவர்களுக்கு 19 மாதம். எழுதி அனுப்பியவர்களுக்கு எடுத்த ஸ்கேன்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தும் நோய் திரும்புவது சீக்கிரமே தெரிந்தது. காரணம் எளிது. எடை குறைகிறது, குரல் கம்முகிறது, இருமல் மாறுகிறது என்பதெல்லாம் ஸ்கேனுக்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

அதிகம் செய்வதே நல்ல சிகிச்சை என்ற எண்ணத்தை உடைத்தவை கதிர்வீச்சு ஆய்வுகள். தமிழ்நாட்டில் நோயாளிகள் இதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். பத்து நாள், பதினைந்து நாள் என்று தினமும் பஸ் பிடித்துக் கரண்ட் வைத்துக்கொள்ள வருகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகளில், குணப்படுத்த முடியாத கட்டத்தில் இருந்தவர்களுக்குப் பல தவணைக்குப் பதிலாக இரண்டே தவணை கொடுத்தார்கள். அடுத்த ஆய்வில் மிகவும் தளர்ந்தவர்களுக்கு ஒரே தவணை. ரத்தம் துப்புவதும் இருமலும் நெஞ்சுவலியும் அதே அளவுக்குத் தணிந்தன. இதை முடிவுசெய்ததில் நோயாளிகள் வீட்டில் தினமும் குறித்துவந்த நாட்குறிப்பு அட்டைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்னும் துணிச்சலான ஆய்வு 2016-இல் வந்தது. மூளைக்குப் பரவி, அறுவையோ குறிபார்த்த கதிர்வீச்சோ செய்ய முடியாத 538 பேர், பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும். பாதிப் பேருக்கு மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு. மீதிப் பேருக்கு ஸ்டீராய்டும் ஆதரவுச் சிகிச்சையும் மட்டும். அரை நூற்றாண்டாக யாரும் கேள்வி கேட்காமல் செய்துவந்த சிகிச்சை அந்தக் கதிர்வீச்சு. இடைநிலை ஆயுள் 9.2 வாரம், 8.5 வாரம். வாழ்ந்த நாட்களை அவற்றின் தரத்தோடு பெருக்கிப் பார்த்தால் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது 4.7 நாள். முடி கொட்டி, தூங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்கு அலைந்து சம்பாதித்த ஐந்து நாள்! வயது குறைந்தவர்களுக்குப் பலன் இருக்கலாம் என்ற குறிப்பும் அந்த ஆய்வில் இருக்கிறது. ஆகவே எல்லோருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று சொல்லலாம்.

மூச்சுக்கு வருவோம். இந்த நோயில் நோயாளியும் வீட்டாரும் அதிகம் பயப்படுவது வலியைவிட மூச்சு முட்டுவதைத்தான். 2021 கொரோனா அலைக்குப்பின் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் என்ற சொல் நம் வீடுகளுக்குப் பழகிப்போனது. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றால் கடன் வாங்கியாவது அதை வரவழைத்துவிடுகிறார்கள். ஏமி அபெர்னெதி தலைமையில் 2010-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்துவிடாத, ஆனால் தீராத மூச்சுத்திணறலில் இருந்த 239 பேரை எடுத்துக்கொண்டது. சிலருக்குக் குழாய் வழியாக ஆக்ஸிஜன், சிலருக்கு அதே குழாய் வழியாக அறையில் இருக்கும் சாதாரணக் காற்று. எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஏழு நாள் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் சற்றே தேவலை. அவர்களுக்குள் வித்தியாசம் இல்லை. ஆக்ஸிஜன் அளவு உண்மையிலேயே இறங்கிவிட்டவர்களுக்கு ஆக்ஸிஜன் கட்டாயம் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. மற்றவர்களுக்கு உதவியது முகத்தில் பட்ட காற்றோட்டம்தானோ என்ற எண்ணம் எழுகிறதல்லவா? அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் இருந்து வந்த ஆய்வு அதையே சோதித்தது. பலவித நோய்களால் மூச்சு வாங்கிய ஐம்பது பேருக்குக் கையடக்க மின்விசிறி. முதலில் முகத்தில் ஐந்து நிமிடம், பிறகு காலில் ஐந்து நிமிடம். சிலருக்கு இது தலைகீழாக. முகத்தில் காற்றுப் பட்டபோது மூச்சுத்திணறல் குறைந்தது. முகத்து நரம்புகளுக்குக் குளிர்ச்சி போய்ச் சேர்ந்தால் மூளை 'காற்று வருகிறது' என்று சமாதானமாகிறது. பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டிகளுக்கு இந்த நரம்பின் பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

மார்ஃபினைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூச்சுத்திணறலுக்குச் சிறிய அளவில் அதைக் கொடுப்பது நீண்டகால வழக்கம். அண்மையில் வந்த பெரிய ஆய்வுகள் அதன் பலனைக் கேள்விக்குள்ளாக்கியிருக்கின்றன. வலிக்கு அதன் பலனில் ஐயமே இல்லை. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைமருந்துச் சட்டம் வந்தபின் உரிமம் மேல் உரிமம் என்று கெடுபிடி கூடி, மருத்துவமனைகளே மார்ஃபினை வாங்கிவைக்க அஞ்சின. உலகுக்கே அபின் விளைவித்துத் தந்த நாட்டில் புற்றுநோயாளிகள் வலியில் துடித்தார்கள். 1993-இல் கோழிக்கோட்டில் எம்.ஆர்.ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய சிறு மருத்துவமனையும், அதிலிருந்து கிளைத்த அக்கம்பக்கத்துத் தொண்டர் வலைப்பின்னலும் கேரளத்தை மாற்றின. 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. திருத்தியபின்னும் வாய்வழி மார்ஃபின் கிடைக்காத மாவட்டங்கள் இந்தியாவில் ஏராளம்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் பக்கத்து ஆய்வு ஒன்று உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. 'சாப்பாடு இறங்கலை' என்பது நம் வீடுகளில் நோயாளியைவிட வீட்டாரை அதிகம் வாட்டும் குறை. ஒரு கவளம் குறைந்தாலும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும்; 'எனக்காக இன்னொரு வாய்' என்று கெஞ்சல் தொடங்கும். நோயாளிக்கோ சோற்று வாசனையே குமட்டும். கட்டி சுரக்கும் வேதிப்பொருட்கள் பசியைக் கொன்று தசையையும் கரைக்கின்றன. இதற்காக உருவாக்கப்பட்ட அனமொரெலின் என்ற மருந்து உடலின் தசை எடையைக் கூட்டியது. ஆனால் கைப்பிடியின் பலம் கூடவில்லை. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை மறுத்துவிட்டது, ஜப்பான் ஏற்றுக்கொண்டது. பசியைக் கெடுக்கும் ஒரு புரதத்தைக் கட்டிப்போடும் பொன்செக்ரொமாப் என்ற ஊசி மருந்து 2024-இல் நம்பிக்கை தந்திருக்கிறது. சந்தைக்கு வந்தாலும் விலை நமக்கு எட்டாது.

இதற்கிடையே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் 124 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். இரைப்பை, கல்லீரல்-கணையம், நுரையீரல் புற்றுநோய்க்குப் புதிதாகக் கீமோ தொடங்கியவர்கள். ஓலன்ஸாபின் என்பது மனநோய்க்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் பழைய மாத்திரை. விலை மிகக் குறைவு. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு எடை போடுகிறது என்பது மனநல மருத்துவர்களின் தீராத தலைவலி. ஒருவரின் பக்கவிளைவை இன்னொருவருக்கு மருந்தாக்கினால் என்ன? தினம் 2.5 மில்லிகிராம், பன்னிரண்டு வாரம். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. 2023-இல் முடிவு வெளியானது: 5 சதவீதத்துக்கு மேல் எடை கூடியவர்கள் மருந்துக் குழுவில் 60 சதவீதம், மறு குழுவில் 9 சதவீதம். பசி கூடியதாகத் தாங்களே சொன்னவர்கள் 43 சதவீதம், 13 சதவீதம். கீமோவின் கடுமையான பக்கவிளைவுகளும் மருந்துக் குழுவில் குறைவு. எந்தப் பெரிய கம்பெனிக்கும் இதில் லாபமில்லை என்பதால் இதற்கு விளம்பரம் கிடையாது. இந்தக் கட்டுரைக்காகப் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான்.

விலை உயர்ந்த மருந்துகளைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். நுரையீரல் நோயாளிகளின் அன்றாடத்தை உண்மையிலேயே மாற்றியவை மரபணுவைக் குறிவைக்கும் மாத்திரைகள். ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்கள் ஆசியாவில் அதிகம். புகைக்காதவர்களிடம் இன்னும் அதிகம். 2009-இல் வெளியான ஆசிய ஆய்வில், 1217 பேரிடம் ஜெஃபிட்டினிப் மாத்திரையையும் கீமோவையும் ஒப்பிட்டார்கள். மொத்த ஆயுளில் பெரிய வேறுபாடு இல்லை, ஏனெனில் கீமோவில் தொடங்கியவர்களில் பலர் பிறகு மாத்திரைக்கு மாறினார்கள். ஆனால் மரபணு மாற்றம் உள்ளவர்களில் வாழ்க்கைத்தரம் உயர்ந்ததாகச் சொன்னவர்கள் மாத்திரைக் குழுவில் 70 சதவீதம், கீமோக் குழுவில் 45 சதவீதம். ட்ரிப் ஏற்றிக்கொண்டு படுத்திருப்பதற்கும் காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு கடையைத் திறப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

அதற்குப்பின் கணக்கு சிக்கலாகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 350 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஜெஃபிட்டினிப்போடு கீமோவையும் சேர்த்துக் கொடுத்தது. நோய் கட்டுக்குள் இருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமானது. கடுமையான பக்கவிளைவுகளும் 25 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாயின. இரண்டில் எது வேண்டும் என்று முப்பத்தைந்து வயதுத் தாயும் எழுபத்தைந்து வயதுத் தாத்தாவும் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள். ஏ.எல்.கே. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கான லோர்லாட்டினிப்பில் ஐந்தாண்டு கழித்தும் 60 சதவீதம் பேருக்கு நோய் மேலும் பரவவில்லை; நுரையீரல் புற்றுநோயில் இருபதாண்டுக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் கொழுப்பு ஏறுகிறது, எடை ஏறுகிறது, சிலருக்குப் பெயர்கள் மறக்கின்றன, சிலருக்குக் காரணமில்லாமல் கோபம் வருகிறது. மனைவிதான் முதலில் கவனிப்பார்: 'இவர் இப்படி இல்லைங்க.' மாதக் கணக்கில் வாழ்கிறவர்களுக்கென்று வடிவமைத்த கேள்வித்தாளில் ஆண்டுக் கணக்கில் வாழ்கிறவரின் இந்த மாற்றத்துக்கு எங்கே இடம்?

காசும் வாழ்க்கைத்தரத்தில் சேர்ந்ததுதான். 2024 ஜூலை பட்ஜெட்டில் ஓசிமெர்ட்டினிப், டுர்வாலுமாப் உட்பட மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்கவரி நீக்கப்பட்டது. நல்லதுதான். நிலத்தை விற்றவர்களுக்கு அது போதவில்லை. தன் சிகிச்சைக்காக மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகை போனது என்று தெரிந்த அப்பாவின் மனக்கஷ்டத்தை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

இனி, கேட்கப்படாத கேள்விகள். இந்த நோய் என்று தெரிந்ததும் உறவுக்காரர்கள் முதலில் கேட்பது 'பீடி குடிப்பாரா?' என்பதுதான். 2004-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று 45 நோயாளிகளிடம் நீண்ட உரையாடல் நடத்தியது. புகைப்பதை என்றோ விட்டவர்களும், புகைக்கவே புகைக்காதவர்களும்கூடத் தங்களை ஊர் குற்றவாளிபோலப் பார்ப்பதாகச் சொன்னார்கள். சிலர் நோயையே மறைத்தார்கள். நம் ஊரில் விறகடுப்புப் புகையில் நாற்பது வருடம் ஊதிய அத்தைக்கு இந்த நோய் வந்தால், அவரிடம் யாரும் பீடியைப் பற்றிக் கேட்பதில்லை. அவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் என்று யாரும் சந்தேகிப்பதும் இல்லை. இரண்டுமே ஒரே அறியாமையின் விளைவுகள்.

மற்றொன்று, மறைப்பது. 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு' என்பதைக் கேட்காத புற்றுநோய் மருத்துவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. மகன் அந்தப் பக்கம் மருந்துக்கடைக்குப் போனதும் அப்பா செவிலியரிடம் சொல்வார்: 'ராத்திரி படுக்க முடியலைம்மா. பையன்கிட்ட சொல்லிடாதீங்க, பயந்துருவான்.' இருவருமே அடுத்தவரைக் காப்பாற்றுகிறார்கள். எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசுவதாகச் சொல்லும் அமெரிக்காவிலும் நிலைமை பெரிதாக மேலில்லை. 2012-இல் வெளிவந்த ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களில் 69 சதவீதம் பேர் அது நோயைக் குணமாக்கப்போவதில்லை என்பதைப் புரிந்துகொண்டிருக்கவில்லை. தங்கள் மருத்துவர் நன்றாகப் பேசுகிறார் என்று பாராட்டியவர்களிடமே இந்தத் தவறான நம்பிக்கை அதிகமாக இருந்தது. நல்லதை மட்டும் சொல்கிறவரைத்தானே நமக்கும் பிடிக்கிறது.

டெமல் குழு 2024-இல் இரண்டு புதிய முடிவுகளோடு வந்தது. ஒன்று, தணிப்புச் சிகிச்சைக் குழு வீடியோ அழைப்பில் பேசினாலும் நேரில் பேசினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே. 22 மையங்களில் 1250 பேரிடம் பார்த்தது. மற்றது, எல்லோரையும் மாதாமாதம் வரச்சொல்ல வேண்டியதில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, மதிப்பெண் பத்தோ அதற்கு மேலோ சரிந்தவர்களை மட்டும் அடிக்கடி வரவழைத்தார்கள். சந்திப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன, வாழ்க்கைத்தரம் குறையவில்லை. தணிப்புச் சிகிச்சை மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணுமளவே உள்ள நம் ஊர் போன்ற இடங்களுக்கு முதலாவதைவிட இரண்டாவது முக்கியம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போய்த் தணிப்புச் சிகிச்சை தருவதும் அடக்கம். ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் ஐந்து நிமிடம் உட்காரும் பெண்ணுக்கு வீட்டின் நிலவரம் தெரியும். யார் முன்னால் பெரியவர் பேசுவார், யார் முன்னால் பேசமாட்டார் என்பதும் தெரியும். அந்தப் பெண்ணின் கையில் பத்துக் கேள்வி போதும். முதல் கேள்வியாக நான் இதைத்தான் வைப்பேன்: நேற்று ராத்திரி படுத்துத் தூங்கினீர்களா, உட்கார்ந்தா? பதிலை மகன் சொன்னால், 'கொஞ்சம் தண்ணி கொண்டுவாங்க தம்பி' என்று அவரை உள்ளே அனுப்பிவிட்டு இன்னொருமுறை கேட்க வேண்டும்.